அத்தியாயம் 9: மலையில் மழையும் பனியும் கலந்து வந்தால்

தீபாவளிச் சரக்கு கடைக்குப் போய்ச் சேர்ந்து, கூலிக் கணக்கு முடிந்து, தறிக்கு ஓய்வு கிடைத்த பிறகுதான் சேத்துப்பட்டு, தேவிகாபுரம், ஆரணிப் பக்கத்து நெசவுக் குடும்பங்களில் வடநாட்டு யாத்திரைப் பேச்சு எழும். கையில் காசும் இருக்கும், நாளும் இருக்கும். ஆனால் மலைக்கோயில்கள் நடை சாத்தும் நேரம் அது. வடநாட்டுத் தீபாவளிக்கு மறுநாள் கங்கோத்ரியும், அதற்கடுத்த நாள் கேதாரமும் யமுனோத்ரியும் சாத்திவிடுவார்கள். பத்ரிநாத் மட்டும் நவம்பர் நடுப்பகுதி, சில ஆண்டுகளில் அதையும் தாண்டிச் சில நாள் திறந்திருக்கும். நேபாளத்தில் ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமமாகிய முக்திநாத்துக்கு எப்போதும் போகலாம். ஆகவே தீபாவளி கழித்துக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களுக்குத்தான் போகிறார்கள். மலையின் வானிலை மாறத் தொடங்கும் வாரங்களில் போகிறார்கள்.

பனி என்றால் வெள்ளையாக, மெத்தென்று விழும் பனியைத்தான் நாம் படத்தில் பார்த்திருக்கிறோம். மைனஸ் பத்து டிகிரியில் விழும் அந்த உலர்ந்த பனியைத் தோளிலிருந்து தட்டிவிட்டு நடக்கலாம். யாத்திரிகர்களை வீழ்த்துவது வேறு வகை. வெப்பம் பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலும் கீழுமாக ஊசலாடும்போது மழையும், பாதி உருகிய ஈரப்பனியும், முகத்தில் குத்தும் பனிக்குருணையும் மாறி மாறி விழும். விழுந்ததும் உருகி உடைக்குள் இறங்கும். காற்றைவிடத் தண்ணீர் உடம்பின் வெப்பத்தை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்திவிடும். நனைந்த ஒருவர் 2 டிகிரியில் படும் பாட்டை உலர்ந்த ஒருவர் மைனஸ் பத்தில்கூடப் படமாட்டார். எவ்வளவு குளிர் என்று கேட்பதற்கு முன்னால் நனைவோமா என்று கேளுங்கள். இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு யோசனையும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

எங்கிருந்து வருகிறது

இந்த மழையும் ஈரப்பனியும் இரண்டு வழிகளில் வருகின்றன. முதலாவது, மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக உயரக் காற்றோட்டத்தோடு வரும் மேற்கத்திய இடையூறு. காஷ்மீர், இமாச்சல், உத்தரகண்டில் குளிர்காலப் பனியைப் பெரும்பாலும் கொட்டுவது இதுதான். அக்டோபரிலேயே தலைகாட்டத் தொடங்கும், டிசம்பர் முதல் மார்ச் வரை அடிக்கடி வரும்.

இரண்டாவது, நமக்கு நன்றாகத் தெரிந்த வங்காள விரிகுடாப் புயல். 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. கரையேறியதோடு அது ஓயவில்லை. வலுவிழந்த மிச்சம் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடக்கே ஏறி, இரண்டு நாளில் நேபாள மலைகளில் மோதியது. அக்டோபர் 14 அன்று முக்திநாத்துக்கு மேலே, 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் லா கணவாயில் மலையேறிகள் கண் தெரியாத பனிப்புயலில் சிக்கினார்கள். அந்த வட்டாரத்தில் மட்டும் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேபாள மலைநடைக்கு அக்டோபர் மிக நல்ல மாதம் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள்.

புயல் எச்சரிக்கையை ஒவ்வொரு ஐப்பசியிலும் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். ஆந்திராவுக்கோ ஒடிசாவுக்கோ போகிறது என்றால் நமக்கு மழை இல்லை என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். யாத்திரையில் இருக்கிறவர்கள் அப்படி விட்டுவிடக் கூடாது. புயல் ஆந்திர, ஒடிசாக் கரையைக் கடந்து வடக்கு நோக்கி நகர்கிறது என்ற செய்தி வந்தால், அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு நேபாளத்திலும் உத்தரகண்டிலும் உயரத்துக்கு ஏற வேண்டாம்.

இரண்டு வழியும் ஒன்றாகச் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2021 அக்டோபர் 17 முதல் 19 வரை ஒரு மேற்கத்திய இடையூறும் ஒரு தாழ்வு நிலையும் கைகோத்தன. நைனிடால் மாவட்டத்து முக்தேஸ்வரில் ஒரே நாளில் 340.8 மில்லிமீட்டர் மழை பதிவானது. கீழே வெள்ளமும் மண்சரிவும், மேலே பனியும். 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்ரி, கேதாரம், கங்கோத்ரி, யமுனோத்ரி நான்குக்குமான சார்தாம் யாத்திரையை அரசு நிறுத்தி வைத்தது. அன்றைக்கு ஹரித்வாரிலும் ரிஷிகேஷிலும் நின்றுவிட்டவர்களுக்கு இரண்டு நாள் தாமதம் மட்டுமே.

உயரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு சின்னக் கணக்கு போதும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஜோஷிமட் ஏறக்குறைய 1,900 மீட்டர், பத்ரிநாத் 3,100 மீட்டர். ஜோஷிமட்டில் காலை 9 டிகிரியில் மழை தூறுகிறது என்றால் பத்ரியில் 2 டிகிரிதான் இருக்கும், அங்கே விழுவது ஈரப்பனி. கேதாரத்துக்கும் இதே கணக்குதான். கௌரிகுண்டம் 1,980 மீட்டர், கோயில் 3,580 மீட்டர். கீழே மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு தைரியமாகக் கிளம்புகிற கூட்டம், பாதி வழிக்கு மேல் அதே மழையைப் பனிக்குருணையாக எதிர்கொள்கிறது. மழைதானே என்று சொல்வது நம் சமவெளிப் பழக்கம். சேத்துப்பட்டில் மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் இறங்கும். மழையில் நனைந்து செத்தவரை நாம் பார்த்ததில்லை. அந்த அனுபவத்தை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஒரே மேகத்திலிருந்து இத்தனை வகை ஏன் விழுகிறது? மேகத்தின் மேல்பகுதியில் எல்லாம் பனியாகத்தான் பிறக்கிறது. விழும் வழியில் வெதுவெதுப்பான காற்றடுக்கைக் கடந்தால் உருகும். அந்த அடுக்குக்குக் கீழே தடித்த குளிரடுக்கு இருந்தால் துளிகள் மறுபடி உறைந்து பனிக்குருணையாக விழும். குளிரடுக்கு மெல்லியதாக இருந்தால் துளி உறைய நேரம் இல்லாமல் தண்ணீராகவே வந்து, பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பாறையையோ கம்பியையோ தொட்ட கணத்தில் உறையும். அது உறைமழை. 1998 ஜனவரியில் மொன்றியல் பகுதியில் பல நாள் பெய்த உறைமழையின் எடை தாங்காமல் உயர் அழுத்த மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. 2013 கிறிஸ்துமஸ் வாரத்தில் டொராண்டோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் அந்த இருட்டை நினைவு வைத்திருக்கிறவர்கள் பலர்.

நம் யாத்திரைப் பாதைகளில் அத்தகைய உறைமழை அரிது. ஆனால் அதன் ஆபத்து வேறு வழியாக வந்து சேரும். பகலில் பெய்த மழையும் உருகிய பனியும் சாலையில் ஓடும். புயல் நகர்ந்ததும் வானம் தெளியும். தெளிந்த இரவில் நிலத்தின் சூடு தடையின்றி மேலே போய்விடும், சாலை ஈரமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாக இறுகும். அங்குள்ள ஓட்டுநர்கள் சாலையில் ‘பாலா’ இருக்கிறது என்றால் இந்த மாதிரி உறைவைத்தான் சொல்கிறார்கள். வெயில் படாத வடக்குச் சரிவு வளைவுகளிலும் பாலங்களின் மேலும் அது பத்து மணி வரைகூடக் கரையாது. நம்மவர்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்புவது யாத்திரை மரபு. புயலுக்கு மறுநாள் அந்த மரபை விட்டுவிடுங்கள். வெயில் சாலைக்கு வந்த பிறகு வண்டி எடுக்கலாம் என்று ஓட்டுநர் சொன்னால், அவரை அவசரப்படுத்தாதீர்கள். தயங்குகிற ஓட்டுநர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

உடை

பருத்தி குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது என்று நெசவாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேட்டி, பனியன், காட்டன் புடவை, ஜீன்ஸ் எல்லாம் நனைந்தபின் குளிரை உடம்போடு ஒட்டவைக்கும். கம்பளி அப்படி அல்ல. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்த பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, சூட்டையும் ஓரளவு பிடித்து வைத்திருக்கும். பட்டும் பருத்தியைவிட மேல். மெல்லிய வெற்றுப் பட்டில் தைத்த உள்சட்டை எடை இல்லாதது, சீக்கிரம் உலரும். பட்டுத் துணி கையருகே இருக்கும் ஊரிலிருந்து போகிறவர்கள் அதை உள்ளடுக்காகப் போட்டுக்கொள்ளாமல் பருத்திப் பனியனோடு போவது எனக்கு ஆதங்கம். பட்டு இல்லையென்றால் கடையில் கிடைக்கும் தெர்மல் போதும், ஆனால் லேபிளில் காட்டன் என்று இருந்தால் வேண்டாம்.

அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃபிலீஸ். அதற்கும் மேல் நல்ல மழைக்கோட்டு, சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக, தலைமூடியோடு. வழியோரம் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு மலைக்காற்றில் சீக்கிரமே கிழிந்துவிடும். குடை அந்தக் காற்றுக்கு நிற்கவே நிற்காது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நல்ல கோட்டு வாங்கி, வீட்டுக் குழாயடியில் போட்டுப் பார்த்து, தையல் வழியே தண்ணீர் இறங்குகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

புடவையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கீழ்க்கரை தரையில் உரசி நனைந்தால், ஈரம் மடிப்பு வழியே முழங்கால்வரை ஏறும். கால் தடுக்கும். ஏறும்போது பேன்ட்டோ சுடிதாரோ போட்டுக்கொண்டு, கோயிலருகே அறையில் புடவை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வயதான அம்மாக்கள் முதலில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஊரிலேயே, மகள்கள் மருமகள்கள் முன்னிலையில், பொறுமையாகப் பேசி முடித்துவிடுவது நல்லது. மலையடிவாரத்தில் நின்று பேசினால் நடக்காது.

கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் உறையைப் போட்டால் கை நனையாது. காலுறைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிப் பிறகு ஷூ போடுவது அவசரத்துக்கு உதவும். ஒரு ஜோடிக் காலுறை, ஒரு உள்சட்டை, ஒரு குல்லா ஆகியவற்றைக் காற்றுப்புகாத உறையில் கட்டி, இரவு படுக்கும்வரை எதற்காகவும் பிரிக்காதீர்கள். வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்கள் அந்த வேண்டுதலை நம் ஊர் மலையில் செலுத்தலாம். ஈரப்பனியில் உணர்விழந்த விரல் கறுத்துப்போனால் அறுவைதான் மிச்சம்.

சுவாமிக்குச் சாத்தப் பட்டு வஸ்திரம் கொண்டுபோகிறவர்கள் உலர்ந்த வெள்ளைத் துணியில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பையில் வையுங்கள். வண்டியின் கூரைமேல் போகும் பெட்டியில் வைத்தால் சரிகை ஈரம் கண்டு கறுக்கும்.

தீர்த்தமாடல்

எந்த வழிகாட்டி நூலிலும் போதுமான அளவு சொல்லப்படாத ஆபத்து இது. பத்ரியில் கோயிலுக்குக் கீழே தப்த குண்டம் இருக்கிறது. சுமார் 45 டிகிரி வெந்நீர் ஊற்று. பனிக்குருணை விழும் காலையில் அதில் இறங்கினால் சொர்க்கமாகத்தான் இருக்கும். தோலின் ரத்த நாளங்கள் விரியும், உடம்பின் சூடு மேலுக்கு வரும். அப்படியே ஈரத் தலையோடு, ஈர வேட்டியோடு வெளியே வந்து தரிசன வரிசையில் நின்றால், ஏறிய சூடு போக நேரமே ஆகாது. குளிக்கலாம். ஆனால் உலர்ந்த துண்டோடும் மாற்று உடையோடும் ஒருவர் கரையில் தயாராக நிற்க வேண்டும். தலையைத் துவட்டி, குல்லா போட்டு, முழு உடை மாற்றிய பிறகே வரிசைக்குப் போக வேண்டும். இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் காலை மட்டும் நனைத்துக்கொள்வது போதும்.

முக்திநாத்தில் நிலைமை நேர்மாறு. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், கோயிலைச் சுற்றி 108 தாரைகளில் பனியுருகிய நீர் கொட்டுகிறது. அத்தனை தாரையின் கீழும் ஓடி நனைந்து, முன்னாலிருக்கும் இரண்டு குளங்களிலும் மூழ்கி எழுவது வழக்கம். தெளிந்த வெயில் நாளில், உடல்வலு உள்ளவர் செய்யலாம். மழையும் பனியும் கலந்து விழும் நாளில் அறுபது தாண்டியவர்களை அதில் விடாதீர்கள். ஒவ்வொரு தாரையிலும் விரல் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டாலும் பலன் ஒன்றுதான். நேராகச் சொல்கிறேன்: சாத்திரம் சொல்கிறது என்று கட்டாயப்படுத்தும் உறவினரைக் குழுவில் யாராவது ஒருவர் தடுத்தே ஆக வேண்டும்.

விரதமும் இதில் சேரும். பட்டினியான உடம்பால் போதிய சூடு உண்டாக்க முடியாது. ஏறுகிற நாள் ஏகாதசியாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். பொரிவிளங்காய் உருண்டையும் கடலை மிட்டாயும் பேரீச்சையும் சட்டைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

வழியில் பிடித்துக்கொண்டால்

தோரோங் லாவில் 2014இல் கணவாயின் உச்சியில் ஒரு சிறிய கல் டீக்கடை இருந்தது. அதற்குள் ஒண்டியிருந்து, மீட்பு வரும்வரை நகராமல் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று வெளியேறியவர்களில் பலர் வழி தெரியாமல் பனியில் விழுந்தார்கள். முக்திநாத்துக்கு ஜோம்சோம் வழியாக ஜீப்பில் வருகிற நாம் அந்தக் கணவாயைக் கடக்கப் போவதில்லை. ஆனாலும் பாடம் நமக்கும் உரியது. கூரையும் நான்கு சுவரும் கிடைத்தால், தரிசனம் அரை மணி தூரத்தில் இருந்தாலும், உட்கார்ந்துவிடுங்கள்.

கேதாரத்துக்கு மட்டக்குதிரையிலோ டண்டி என்னும் பல்லக்கிலோ வயதானவர்களை ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பது தவறு. நடக்கிறவருக்கு உழைப்பால் சூடு உண்டாகும். குதிரைமேல் மணிக்கணக்கில் அசையாமல் நனைகிறவர்தான் முதலில் விறைப்பார். அவருக்கு இரட்டிப்பு உடையும், வழியில் இரண்டு மூன்று இடத்தில் இறங்கிச் சூடாகக் குடிக்க நேரமும் வேண்டும்.

ஹெலிகாப்டரை மாற்று வழியாகக் கணக்கில் வைக்காதீர்கள். மேகம் இறங்கினால் அது பறக்கக் கூடாது. பறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 அக்டோபர் 18 சாட்சி. கேதாரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் மோசமான வானிலையில் மலையில் மோதி, தமிழ்நாட்டைச் சேர்ந்த 3 பேர் உட்பட 7 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்டம் அருகே இன்னொன்று விழுந்து 7 பேர் இறந்தார்கள். ஜோம்சோம் விமானங்களும் காற்று எழும் முன், காலையில் மட்டுமே பறக்கும். மழை நாளில் அதுவும் இல்லை.

வண்டி பனியில் மாட்டிக்கொண்டால் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் அப்படிக் கார்களுக்குள் சிக்கிய இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புகைக்குழாயைப் பனி அடைத்ததும் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்புகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. குழாய் முனையைத் தோண்டிச் சுத்தம் செய்து, சாளரத்தை விரலளவு திறந்து வைத்து, அவ்வப்போது மட்டும் எஞ்சினை இயக்குங்கள். தங்கும் அறையில் அங்கீட்டி என்னும் கரியடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தால் படுக்கும்முன் வெளியே வைத்துவிடுங்கள். கதவை இறுகச் சாத்தி, கனலும் கரியோடு தூங்கிய குடும்பங்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது.

உடம்பு சொல்வது

உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. தெர்மாமீட்டர் வேண்டாம், பேச்சைக் கவனியுங்கள். முதலில் நடுக்கம். பிறகு பொத்தான் போட முடியாத விரல்கள், குழறும் நாக்கு, கால் தடுமாற்றம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். நடுக்கம் நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று மகிழாதீர்கள், அது மோசமான அடையாளம். புழுங்குகிறது என்று சட்டையைக் கழற்றுகிறவர் விளிம்பில் இருக்கிறார்.

ஈர உடை முழுவதையும் நீக்குங்கள், கூச்சம் பார்க்காதீர்கள். உலர்ந்த உடை, கம்பளி, தலைக்குக் குல்லா. கீழே தரை குளிர் ஏறாமல் இரண்டு மடங்கு விரிப்பு. கழுத்து, அக்குள், மார்புப் பக்கம் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பால் அல்லது டீ. கை கால்களைத் தேய்க்கக் கூடாது. பிராந்தி கொடுக்கவே கூடாது, உள்ளே இருக்கும் கொஞ்சச் சூட்டையும் அது தோலுக்குத் தள்ளிவிடும். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் வாந்தியும் தள்ளாட்டமும் உயர நோயாகவும் இருக்கலாம். எது என்று தெரியாவிட்டால் உலர்த்தி, போர்த்தி, பாதை பாதுகாப்பாக இருந்தால் உடனே கீழே இறக்குங்கள். இந்தியாவில் அவசர எண் 112.

நாட்களும் டிக்கெட்டும்

இத்தனை ஆபத்தும் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பும் ரயில் டிக்கெட்டில் தொடங்குகிறது. பத்து நாளில் போய்வர டிக்கெட் போட்டவர், ஒன்பதாம் நாள் மழையிலும் ஏறத்தான் பார்ப்பார். குறைந்தது இரண்டு உபரி நாள் வையுங்கள், முக்திநாத்துக்கு மூன்று. வானிலைத் துறையின் டேராடூன் மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆரஞ்சு வந்தால் ஜோஷிமட்டுக்கு மேல் போக வேண்டாம். கோடையில் நடை திறக்கும் நேரமும் பத்திரம் என்று எண்ண வேண்டாம். 2023 ஏப்ரல் இறுதியில் கேதாரம் திறந்த பிறகும் பனிப்பொழிவு ஓயாமல், யாத்திரைப் பதிவையே அரசு நிறுத்தி வைத்தது. அமர்நாத்தில் 1996 ஆகஸ்டில் பருவம் தப்பிய பனியும் மழையும் 200க்கும் மேற்பட்ட யாத்திரிகர்களைப் பலி வாங்கின. அதன் பிறகுதான் அங்கே ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்தது, இன்று மருத்துவச் சான்றும் வயது வரம்பும் கட்டாயம்.

வயதானவர்கள் புரட்டாசியிலேயே போய்வரட்டும் என்பது என் கருத்து. பொதுவாக மழைக்காலம் ஓய்ந்து பனி தொடங்காத இடைவெளி அது. தறி முழு வேகத்தில் ஓடும் மாதம்தான், தெரியும். அம்மா அப்பாவை உறவினரோடு அனுப்பிவிட்டு இளையவர்கள் தறியைப் பார்த்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்குப் பிறகுதான் முடியும் என்றால், பத்ரி சாலை மூடினாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. ஜோஷிமட்டின் நரசிம்மர் கோயில் திருப்பிரிதி என்று திவ்ய தேசமாகவே போற்றப்படுவது, குளிர்காலத்தில் பத்ரி வழிபாடு நடக்கும் இடமும் அதுதான். கேதாரநாதருக்கு உக்கிமட் ஓங்காரேஸ்வரர் கோயிலில் குளிர்கால பூஜை நடக்கிறது. கங்கோத்ரிக்கு முக்பா, யமுனோத்ரிக்குக் கர்சாலி. நான்கும் மேலே உள்ள கோயில்களைவிடத் தாழ்வான இடங்கள், சாலையும் பெரும்பாலும் திறந்திருக்கும். கிளம்பும் முன்பே இந்தப் பெயர்களைக் குழுவிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். மாற்று இடம் தெரிந்திருந்தால், திரும்பலாம் என்று குழுத்தலைவர் சொல்லும்போது எதிர்ப்பு குறையும். அந்தக் குழுத்தலைவர் யார் என்பதையும் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்பதையும் சேத்துப்பட்டிலேயே, வண்டி ஏறும் முன், பேசி முடித்துக்கொள்ளுங்கள்.